செங்கல்பட்டில் இரண்டு யூக்கிகள்

பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் முதல் பத்தியிலேயே விமானம் ஏறிவிடுவார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இந்தப் பயணத்தில் விமானம் ஏறியவர் வேறொருவர். நான் ஊரப்பாக்கத்தில் என் வீட்டிலிருந்து கிளம்பி, செங்கல்பட்டு வழியாக மாமல்லபுரம் வரை போய்விட்டுத் திரும்பினேன், அவ்வளவுதான். வருடக்கணக்காக நான் குப்பை கொட்டுகிற பக்கம்தான் இது. ஆனாலும் வெளிநாடு போய்வந்த மாதிரியே இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

என் பிழைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நான் திண்டுக்கல்காரி. மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர். ஜப்பானிலிருந்து வருகிற அதிகாரி சிரித்த முகமாகத் திட்டுவார். அதை நான் சிரிக்காமல் தமிழில் திட்டவேண்டும். இதற்குத்தான் மாதச் சம்பளம்.

சுனாமி வந்துபோய் இரண்டு வருடம் ஆகியிருந்த சமயம். எங்கள் கம்பெனி மெஷின் ஆபரேட்டர் அருள்தாஸ் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜப்பானுக்குப் பயிற்சிக்குப் போன ஆட்களில் ஒருவர். நாகோயாவுக்குப் பக்கத்தில் கம்பெனி விடுதியில் பல மாதம் இருந்தவர். அன்றைக்குத் தட்டில் இருந்த சாம்பார் சாதத்தைத் தொடவே இல்லை.

“மேடம், யூக்கியம்மா வர்றாங்க,” என்றார்.

யூக்கியம்மா அந்த விடுதியைப் பார்த்துக்கொண்டவர், சமையலும் அவர்தான். அருள்தாஸுக்கு அங்கே அம்மை போட்டிருக்கிறது. கூடப் போனவர்களே அறைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அந்த அம்மாள்தான் வேளாவேளைக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறார். வேப்பிலை வேண்டும் என்று இவர் ஜாடையில் கேட்க, அவர் ஏதோ ஒரு இலையைக் கொத்தாகப் பறித்துவந்து வாசலில் செருகியிருக்கிறார். ஊர் திரும்பிப் பெண் பிறந்ததும் அருள்தாஸ் யூக்கி என்றே பெயர் வைத்துவிட்டார். வருடா வருடம் கிறிஸ்துமஸுக்குப் பெண்ணின் போட்டோவை ஜப்பானுக்கு அனுப்புவார்.

“நல்ல விஷயம்தானே? ஏன் இடி விழுந்த மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?”

“பாப்பா பத்தாவது படிக்குது மேடம். பப்ளிக் எக்சாமுக்குப் பேரு அனுப்புறாங்க. அதுல இன்னா பேரு கீதோ அதான் ஆயுசுக்கும். ஜெனிஃபர்னு மாத்து, இல்லாங்காட்டி ஸ்கூலுக்கே போவமாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்குது. திங்கக்கெழமக்குள்ள சொன்னா மாத்திக்கலாம்னு ஹெட்மாஸ்டரு சொல்லிட்டாரு. நானும் சரின்ட்டேன். இப்பப் பாத்து அந்தம்மா வர்றாங்க. நீங்கதான் கூட இருந்து பேசணும். இத மட்டும் அவங்களாண்ட சொல்லிடாதீங்க மேடம், மனசு ஒடைஞ்சிடுவாங்க.”

சரி என்றேன். சிலதைச் சொல்லாமல் விடுவதும் என் தொழிலில் சேர்த்திதான்.

வெள்ளிக்கிழமை காலை யூக்கி-சான் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ‘சான்’ என்பது ஜப்பானில் பெயரோடு சேர்க்கிற மரியாதை. ஓட்டல் வேண்டாம், யார் வீட்டிலாவது தங்குகிறேன் என்று முன்பே சொல்லியிருந்தார். அறுபதைத் தாண்டியவர். என் தோள் உயரம்தான் இருப்பார். குட்டை முடி, சாம்பல் நிற பேன்ட், முதுகில் ஒரு பை. என் வீட்டுக்காரர் இரண்டு நாளாகக் குளியலறையைத் தேய்த்துத் தேய்த்து அதன் நிறத்தையே மாற்றி வைத்திருந்தார். வந்தவரோ நேராக அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டார்.

மத்தியானம் ரசம் வைத்தேன். டம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டு, “நான் வைப்பது இன்னும் புளிப்பாக இருக்கும்” என்றார். எனக்குச் சுருக்கென்றது. அருள்தாஸ் கூட்டம் ஜாடையிலேயே அவருக்கு ரசம் சொல்லிக்கொடுத்திருக்கிறது. புளி கிடைக்காததால், உப்பில் ஊறப்போட்ட ஒரு பழத்தைக் கரைத்து ஊற்றியிருக்கிறார். பையன்கள் சட்டியை வழித்துக் குடித்தார்களாம். பசியில் குடித்திருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

“யூக்கின்னா என்ன அர்த்தம்னு கேளேன்,” என்றார் என் வீட்டுக்காரர்.

கேட்டேன். “எந்த யூக்கி?” என்று அவர் திருப்பிக் கேட்டார். ஜப்பானில் இது சாதாரணக் கேள்வி. ஒரே சத்தத்தைப் பல எழுத்துகளில் எழுதலாம், எழுத்துக்கு ஏற்ப அர்த்தம் மாறும். அவர் படித்த வகுப்பிலேயே நான்கைந்து யூக்கிகள். ஒருத்தி பனி. ஒருத்தி மகிழ்ச்சி. ஒருத்திக்கு, நம்பிக்கை இருக்கிறது என்று அர்த்தம் வருகிற மாதிரி பெற்றோர் எழுத்து தேர்ந்தெடுத்திருந்தார்கள். பையன் ஒருவனும் யூக்கிதான். ஆண்கள் பலருக்கு அது வாலாக வேறு வரும்: ஹிரோயூக்கி, மசாயூக்கி. தோட்டத்தில் குடை மாதிரி கூரை வைத்த கல்விளக்குக்கும், குழந்தைகள் பனியில் பிடித்துவைக்கிற முயலுக்கும் யூக்கி இல்லாமல் பெயர் இல்லை. நம் ஊரில் தமிழ்ச்செல்வி என்றால் தமிழ்ச்செல்விதான். எந்தத் தமிழ்ச்செல்வி, எப்படி எழுதுவீர்கள் என்று யாரும் நிறுத்தி வைத்துக் கேட்பதில்லை.

“நீங்கள் எந்த யூக்கி?”

“என் அப்பா எழுத்து எதுவும் தேர்ந்தெடுக்கவில்லை. சத்தத்தை மட்டும் பதிந்துவிட்டு வந்துவிட்டார். அதனால் ஆளைப் பார்த்துச் சொல்வேன். மாமியாரிடம் மகிழ்ச்சி என்றேன். டாக்டரிடம் பனி என்றேன், சட்டென்று எழுதிவிடலாம், அவருக்கு அவசரம்.”

மறுநாள் சனிக்கிழமை. யூக்கி-சானும் நானும் ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் பிடித்தோம். பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது அவருடைய அதிர்ஷ்டம். பூக்காரி ஒருத்தி கூடையை இவர் காலடியில் வைத்துவிட்டு, பூத் தொடுத்துக்கொண்டே வந்தாள். ஜப்பானில் ஊர்ப் பெயரோடு யூக்கி என்று சேர்த்தால், அந்த ஊர் போகிற வண்டி என்று பொருள். ரயில் நிலையத்தில் நின்றால் நாள் முழுக்க அவர் பெயர் காதில் விழுந்துகொண்டே இருக்குமாம். “செங்கல்பட்டு-யூக்கி” என்று அறிவிப்பாளர் குரலில் சொல்லிக் காட்டினார்.

“இன்னா சொல்லுது அந்தம்மா?” என்றாள் பூக்காரி.

“செங்கல்பட்டு வண்டியான்னு கேக்குறாங்க.”

“ஆமாம்மா, ஏரி வர சொல்ல எறங்க ரெடியாயிடு,” என்று அவரிடமே தமிழில் சொல்லி, ஒரு முழம் பூவைக் கையில் திணித்தாள். தலையில் வைக்க முடியாத குட்டை முடி என்பதால், யூக்கி-சான் அதைக் கைக்கடிகாரத்தில் சுற்றிக்கொண்டார்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் அருள்தாஸின் ஊர். ஷேர் ஆட்டோவில் ஏறினோம். ஆட்கள் புளிமூட்டையாக ஏறிய பிறகும் டிரைவர் இன்னும் இரண்டு பேரைத் தேடினார். பாதி வழியில் டயர் பஞ்சர். எல்லோரும் இறங்கி மரத்தடியில் நின்றோம். ஜப்பானில் இப்படி நடந்திருந்தால் டிரைவர் வளைந்து வளைந்து மன்னிப்புக் கேட்டிருப்பார். நம் ஆள், “நல்ல பேஜாரு” என்று எங்களையே ஒரு முறை முறைத்துவிட்டு ஜாக்கியை எடுத்தார். யூக்கி-சான் அவர் பக்கத்தில் குந்தி, கழற்றிய நட்டுகளை உள்ளங்கையில் வாங்கி வைத்துக்கொண்டார். அதில் ஆள் கொஞ்சம் இளகிவிட்டார்.

“அந்தம்மா பேரு இன்னா?”

சொன்னேன்.

“யூக்கியா? நம்ப அருளு பொண்ணு பேருகூட அதான? பசங்கல்லாம் யூகலிப்டஸ்னு ஓட்டிகினு இருப்பானுங்களே, அந்தப் பொண்ணு.”

தன் பெயர் காதில் விழவும் யூக்கி-சான் என்னைப் பார்த்தார். டிரைவருக்கு அருள்தாஸைத் தெரியுமாம் என்று மட்டும் சொன்னேன். அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது.

அருள்தாஸ் வீட்டு வாசலில் எங்களுக்காகப் புதுக் கோலம். உள்ளே சர்ச் காலண்டர், நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, கோழிக்குழம்பு வாசனை. அருள்தாஸ் கையைக் குவிப்பதா குனிவதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தார். அவர் மனைவி ஸ்டெல்லா நெய்ச்சோறும் குழம்பும் போட்டுக்கொண்டே இருந்தாள். யூக்கி-சான் கையால் பிசைந்து சாப்பிட்டார். அவர் கொண்டுவந்த, பயறுப் பூரணம் வைத்த ஜப்பான் இனிப்பைக் கடித்துப் பார்த்த ஸ்டெல்லா, “கொயக்கட்ட மாதிரி கீது” என்று மேலும் இரண்டு எடுத்துக்கொண்டாள்.

பெண் மட்டும் முகம் கொடுக்கவில்லை. ரெட்டைச் சடை, வயதுக்கு மீறிய உயரம். கூப்பிட்டால் வந்தாள், கேட்டதைக் கொடுத்தாள், உள்ளே போய்விட்டாள். “பாப்பா, தண்ணி கொண்டாம்மா.” “பாப்பா, அப்பளத்த எடு.” “பாப்பா, வந்து குந்து.”

சாப்பிட்டுக் கை கழுவும்போது யூக்கி-சான் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“பாப்பா என்றால் என்ன?”

“குழந்தை.”

“இந்த வீட்டில் இவ்வளவு நேரமாக யாரும் அவளை யூக்கி என்று கூப்பிடவில்லை. அந்தப் பெயரால் அவர்களுக்குச் சங்கடம் என்றால் விட்டுவிடலாம். எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லுங்கள்.”

ஒன்றும் இல்லை என்றவர், கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவினார். அருள்தாஸிடம் அவர் கேட்டதை அப்படியே சொன்னேன்.

அவர் பதறிப்போனார். “ஐயோ, அப்டி இல்ல மேடம். அவங்க பேர வச்சிகினு, ‘அடியே யூக்கி, சனியனே’ன்னு எப்டித் திட்டுறது? அந்தம்மாவத் திட்டுன மாதிரி ஆயிடாதா? எங்கப்பா பேர என் தம்பி பையனுக்கு வச்சோம். இன்னி வரிக்கும் அவன நைனான்னுதான் கூப்புடுறோம். மரியாதையான பேரு மேடம் அது, வாய்ல வராது.”

நம் வீடுகளில் இது உண்டு. என் அண்ணன் மகனுக்கு என் அப்பா பெயர்தான். என் அண்ணி ஒரு நாளும் அதைச் சொல்லி அவனை அழைத்ததில்லை. நான் இதை ஜப்பானியத்தில் சொல்லத் தொடங்குவதற்குள் அடுப்படிக் கதவோரத்திலிருந்து பெண் வெடித்தாள்.

“வூட்ல ஒருத்தரும் கூப்புடாத பேரு எனக்கு இன்னாத்துக்கு? ஸ்கூல்ல மட்டுந்தான் அந்தப் பேரு. சாரு அட்டண்டன்ஸ் எடுக்க சொல்ல எல்லாரும் தும்முறானுங்க. யூகலிப்டஸ், தைலம்னு. அதுகூடப் போவட்டும். சுனாமி வந்தப்பறம், ‘உங்க ஜப்பான் பாஷதான அது, சுனாமி உன் அக்காவா’ன்னு கேக்குறானுங்க. கடலோரத்துப் பசங்க கேக்க சொல்ல நான் இன்னா சொல்றது? அதுல ஒருத்தனுக்கு அப்பாவே இல்ல.”

அவள் பேசியதில் ஒரு வார்த்தைக்கு மட்டும் நான் தேவைப்படவில்லை. “சுனாமி என்றாளே?” என்றார் யூக்கி-சான்.

அருள்தாஸைப் பார்த்தேன். தலையைக் குனிந்தபடியே, சொல்லிடுங்க என்று கையைக் காட்டினார். எல்லாவற்றையும் சொன்னேன். தும்மல், தைலம், சுனாமி, ஜெனிஃபர், திங்கட்கிழமை. அந்த வீட்டில் யாரும் யூக்கி என்று கூப்பிடாததன் காரணத்தையும் சொன்னேன். சொல்லச் சொல்ல, நான் ஏன் இந்த வேலைக்கு வந்தேன் என்று இருந்தது.

யூக்கி-சான் பெண்ணைப் பார்த்துப் பேசினார். நான் வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொன்னேன்.

“எங்கள் ஊரில் என்னையும் யாரும் யூக்கி என்று கூப்பிடுவதில்லை. தெருவில் என் கணவர் குடும்பப் பெயரைச் சொல்வார்கள். பிள்ளைகளுக்கு அம்மா. வேலையில் விடுதியம்மா. என் கணவர் ‘ஓய்’ என்பார். என் அம்மா போன பிறகு அந்தப் பெயரைச் சொல்ல ஆளே இல்லை. அப்புறம் உன் அப்பாவும் மற்றவர்களும் வந்தார்கள். பெயர் என்ன என்று கேட்டார்கள். குடும்பப் பெயரைச் சொன்னேன். அது வீட்டோட பேரு, உங்க பேரு என்ன என்று விடாமல் கேட்டார்கள். அன்றிலிருந்து யூக்கிம்மா சோறு, யூக்கிம்மா ரசம், யூக்கிம்மா தலைவலி. அதைக் கேட்பதற்காகவே காலையில் சீக்கிரம் கிளம்பிப் போவேன்.”

அருள்தாஸ் மூக்கை உறிஞ்சினார். “என்னிய அங்க எல்லாரும் அந்தோணி-சான்னுதான் கூப்டாங்க மேடம். இனிஷியல விரிச்சி எழுதச் சொன்னாங்க, அப்பா பேர எழுதுனேன். அதத்தான் என் பேருன்னு நெனச்சிகினாங்க. எங்கப்பன இங்க வயக்காட்டுல ஒருத்தன் மரியாதையாக் கூப்டது கெடையாது. டேய்தான். அங்க பெரிய பெரிய ஆபீசரு அந்தோணி-சான்னு குனியுறான். எனக்கு அளுகையே வந்துட்ச்சி. நானும் திருத்தல. ஆனா நான் அம்மை போட்டுப் படுத்துனு இருக்க சொல்ல, அருளு அருளுன்னு தட்டி எழுப்புனது இவங்க ஒருத்தர்தான்.”

இதையும் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் அழக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை, அழுதேன்.

“மாற்றுவதும் மாற்றாததும் அவள் விருப்பம்,” என்றார் யூக்கி-சான். “ஆனால் திங்கட்கிழமை வரைக்கும் அது அவள் பெயர்தானே? கூப்பிடுங்கள். திட்டவும் செய்யுங்கள். எனக்கு வலிக்காது.”

அருள்தாஸ் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். “யூ…” என்றவர் யூக்கி-சானைப் பார்த்தார். “பாப்பா, காப்பி போடும்மா,” என்று முடித்துவிட்டார். எல்லோரும் சிரித்துவிட்டோம். பெண்ணும் சிரித்தாள். ஆனால் காபி டம்ளரை என் கையில் கொடுக்கும்போது, “ஜெனிஃபர்தான் ஆண்டி, சொல்லிடுங்க” என்று காதோடு சொன்னாள். அன்றிரவு அங்கேயே தங்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும் ஐந்து பேரும் பஸ்ஸில் மாமல்லபுரம் போனோம். திருக்கழுக்குன்றம் வரை நின்றுகொண்டே பயணம். மாமல்லபுரத்தில் இறங்கியதும் காதெல்லாம் உளிச் சத்தம். கடைவாசலில் புத்தரும் பிள்ளையாரும் ஒரே வரிசையில் வெயில் காய்ந்தார்கள். சரிவில் நிற்கும் வெண்ணெய் உருண்டைப் பாறையை எல்லோரையும் போல யூக்கி-சானும் இரண்டு கையாலும் முட்டுக்கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். பெண் போய்ப் பக்கத்தில் நின்று அவளும் தள்ளினாள். நான் கிட்டப் போகவில்லை. நான் இல்லாமலே இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். திரும்பி வந்தபோது யூக்கி-சான் என்னிடம், “இன்னா?” என்றார். அச்சு அசலாக. இத்தனை வருடம் இங்கே இருந்தும் என் வாயில் வராத ‘இன்னா’ அது.

கடற்கரைக்குப் போவோம் என்றதும் ஸ்டெல்லாவின் முகம் மாறியது. சுனாமிக்குப் பிறகு அவள் கடல் பக்கமே வரவில்லையாம். மேட்டு மணலில் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். துணைக்கு நான் உட்கார்ந்தேன். அருள்தாஸ் வறுத்த மீன் வாங்கப் போனார். யூக்கி-சான் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்க, பெண் செருப்பைக் கையில் பிடித்தபடி கூடவே போனாள்.

“இன்னா பண்ணிகினு கீதுங்க?” என்று ஸ்டெல்லா நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்டாள். கணுக்கால் தண்ணிதான் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் பொறுக்காமல் அவளே திரும்பிப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து உயரமாக ஒரு அலை எழுந்து வந்தது. ஸ்டெல்லா துள்ளி எழுந்தாள்.

“அடியே யூக்கி! எருமமாடே, ஏறி வாடி மேல! யூக்கி, வாடின்றேன்!”

கடற்கரையே திரும்பிப் பார்த்தது. அலை முழங்கால் வரை நனைத்துவிட்டுப் போய்விட்டது. முதலில் ஓடி வந்தவர் யூக்கி-சான்தான். பேன்ட்டெல்லாம் ஈரம். ஸ்டெல்லா முன்னால் வந்து, தப்புச் செய்த பிள்ளையாகத் தலையைக் குனிந்து நின்றார்.

ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ, உங்கள இல்லம்மா. உங்கள இல்ல.”

யூக்கி-சானின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, சிரிக்கவும் செய்தார். “என் அம்மா இப்படித்தான் கத்துவாள்,” என்றார். ஸ்டெல்லாவுக்கு அதைச் சொன்னேன். அவள் என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையால் அவர் கையைத் துடைத்துவிட்டாள்.

பெண் மெதுவாக மேடேறி வந்தாள்.

“இன்னாம்மா, பேரச் சொல்லிக் கூப்டுற?”

ஸ்டெல்லா பெண்ணின் முதுகில் ஒன்று வைத்தாள். “பின்ன? தண்ணில நின்னுகினு இருந்தது யாரு, ஜெனிஃபரா?”

பெண் எங்கள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். யூக்கி-சானும் அவளை ஒட்டி உட்கார்ந்து, அவள் பாவாடை ஓரத்து மணலைத் தட்டிவிட்டார்.

“டெய்லி இப்டிக் கூப்டுவியா?” என்றாள் பெண்.

“நீ பண்ற வேலைக்கு வேற இன்னா பண்றது?”

“அப்ப, ஹெட்மாஸ்டராண்ட ஒண்ணும் போய்ச் சொல்ல வோணாம்னு அப்பாவாண்ட சொல்லிடு.”

சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அருள்தாஸ் மீன் பொட்டலத்தோடு எங்களுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது. பொட்டலத்தில் எண்ணெய் ஊறிச் சட்டையெல்லாம் கறையாகியிருந்தது. ஒரு தரம் வாயைத் திறந்து மூடினார்.

“யூக்கி,” என்றார். “மீனு ஆறிப் போவுது, எந்திரி.”

இரண்டு யூக்கிகளுமே எழுந்து போனார்கள்.